ஆட்டு மூளையும் வளர்ப்புச் செல்லும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று இன்னமும் ஊரில் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். ஊசியின் வலியைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டதில்லை. இருந்தது ஆட்டு மூளை.

பாக்டீரியாவுக்குக் கறிச்சாறு போதும், வளர்ந்துவிடும். வைரஸ் அப்படியல்ல. உயிருள்ள செல்லுக்குள் நுழைந்து, அதை வேலை வாங்கித்தான் பெருகும். எனவே வைரஸ் தடுப்பூசி செய்வது என்றாலே 'யாருடைய செல்' என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. 1885இல் பாஸ்தர் முயலின் தண்டுவடத்தைப் பயன்படுத்தினார். 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஆட்டுக்கு மாறினார்: ஆட்டுக்கு வெறிநோயை ஏற்றி, மூளையை எடுத்து அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று ஊசியில் ஏற்றுவது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆண்டாண்டுகளாக இந்த மருந்துதான் தயாரானது.

சிக்கல் மூளையிலேயே இருந்தது. கொல்லப்பட்ட கிருமியோடு ஆட்டு நரம்பின் உறையிலுள்ள புரதமும் உடம்புக்குள் போகிறது. அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் உடம்பு, சிலரிடம் அதே சாயலுள்ள தன் சொந்த நரம்பையே தாக்கத் தொடங்குகிறது. கடித்த நாய்க்கு வெறியே இல்லாமல், போட்டுக்கொண்ட ஊசியால் கைகால் விளங்காமல் போனவர்களும் உண்டு.

இதிலிருந்து வெளியேறும் வழியை 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் காட்டினார்கள். போலியோ கிருமியை நரம்பல்லாத திசுவில், கண்ணாடிக் குழாய்க்குள் வளர்த்துக் காட்டினார்கள். விலங்கு வேண்டாம், அதன் செல் போதும் என்று இதைக் கொண்டாடுவது வழக்கம். நடந்தது வேறு. 1955இல் வந்த சால்க் தடுப்பூசிக்குக் குரங்கின் சிறுநீரகம் தேவைப்பட்டது. வட இந்தியக் காடுகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் ரீசஸ் குரங்குகள் லட்சக்கணக்கில் விமானமேறின. கச்சாப்பொருள் இங்கே, ஆலை அங்கே என்ற பழைய காலனியக் கணக்குதான், பருத்திக்குப் பதில் குரங்கு. 1978இல்தான் இந்தியா இந்த ஏற்றுமதியை முழுக்க நிறுத்தியது. 1960இல் இன்னொன்றும் தெரியவந்தது: அந்தச் சிறுநீரகங்களில் எஸ்வி40 என்ற குரங்கு வைரஸ் ஒளிந்திருந்தது, தடுப்பூசிக்குள்ளும் அது கலந்திருந்தது.

இந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான் மனிதச் செல் வரிசை. பிலடெல்பியா விஸ்டார் நிலையத்தில் லியோனார்ட் ஹேஃப்ளிக் 1962இல், ஸ்வீடனில் கருக்கலைப்பு செய்யப்பட்ட ஒரு சிசுவின் நுரையீரலிலிருந்து டபிள்யூஐ-38 செல்களை வளர்த்து, உறையவைத்துச் சேமித்தார். அந்தத் தாயிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவருடையதாக இருந்த திசு யாருடையதும் அல்லாத பொருளாகி, பிறகு உற்பத்திச் சாதனமாக மாறுகிறது. உடைமை பற்றி நாம் பேசிவந்த கோட்பாடுகளில் இந்த இடைமாற்றத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை.

அதே ஆண்டு ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வீரோ செல் வரிசை உருவானது. டபிள்யூஐ-38 ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்து நின்றுவிடும், வீரோ நிற்காது. இதற்குப்பின் குரங்கைக் கொல்ல வேண்டியதில்லை. தொட்டிக்குள் மிதக்கும் நுண்மணிகளில் செல்களை ஒட்டவைத்து, கிருமியைத் தொற்றவிட்டு, திரவத்தை அறுவடை செய்து, கிருமியைச் செயலிழக்கவைத்துச் சுத்திகரிப்பார்கள். நரம்பு உறை இதில் வரவே வராது.

இப்போது ஆண்டுகளைப் பாருங்கள். மனிதச் செல்லில் வளர்த்த வெறிநோய்த் தடுப்பூசிக்கு 1980இல் அமெரிக்கா அனுமதி தந்தது. நரம்புத்திசு மருந்தைக் கைவிடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1984 முதல் வற்புறுத்தியது. இந்தியாவில் அது நின்றது 2004 டிசம்பரில். இடைப்பட்ட இருபது வருஷத்தில் காசுள்ளவன் மருந்துக்கடையில் செல் தடுப்பூசி வாங்கிக் கையில் போட்டுக்கொண்டான். இல்லாதவன் அரசு ஆஸ்பத்திரியில் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். கடித்தது ஒரே நாயாகவும் இருக்கலாம்.

செம்பிள் மருந்தைச் சும்மா திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அது மலிவு, நம் பொதுத்துறை தன் கையாலேயே செய்தது, எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 'சுயசார்பு' என்று அதற்கு வாதாடியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுயசார்பின் விலையை ஏழையின் நரம்பு கொடுத்தது என்பதை அவர்கள் கணக்கில் எழுதவில்லை. குன்னூர் நிலையமே பின்னர் வீரோ செல் தடுப்பூசியைத் தயாரித்துக் காட்டியது. 2008 ஜனவரியில், தரநெறிகளைப் பின்பற்றவில்லை என்று அதன் உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2010இல்தான் திரும்பக் கிடைத்தது. பழைய கட்டடத்தைச் சீர்செய்யப் பணம் ஒதுக்காமல் பூட்டுப்போடுவதை என்னவென்று சொல்ல?

விலைச்சிக்கலைக் கொஞ்சம் தளர்த்தியது பாங்காக்கில் செய்த வேலை. தசைக்குள் முழுக் குப்பியையும் செலுத்தாமல் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில் போட்டாலே எதிர்ப்பாற்றல் வருகிறது என்று தாய்லாந்துக்காரர்கள் நிறுவினார்கள். ஒரு குப்பியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். 2006இல் இந்தியாவும் இதை ஏற்றது. கண்டுபிடிப்பு என்று பார்த்தால் இதில் புதிய செல்லும் இல்லை, புதிய தொட்டியும் இல்லை.

ஆழமான கடிக்குத் தடுப்பூசி மட்டும் பத்தாது. புண்ணிலேயே எதிர்ப்புரதத்தையும் செலுத்த வேண்டும். இதற்குக் குதிரையின் அல்லது மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம்தான் இருந்தது. சீன வெள்ளெலியின் சூலகச் செல்லில் தயாராகும் எதிர்ப்புரதத்துக்கு இந்தியா 2016இல் அனுமதி கொடுத்திருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதில் எது இருக்கிறது என்று அடுத்தமுறை போகும்போது விசாரித்துப் பாருங்கள்.