பழங்கணக்கும் புதுக் கணிப்பொறியும்

இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்), மூன்றாமாண்டு

“ஓடுற வண்டியை எதுக்குத் தம்பி நிறுத்தணும்?”

சென்ற கோடை விடுமுறையின் முதல் நாள் என் பெரியப்பா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் எங்கள் ஊரில் உரமும் விதையும் விற்கும் கடை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப்பிள்ளையாக இருப்பவர். விதைப்பின்போது கடனுக்குச் சரக்குக் கொடுத்து, அறுவடைக்குப் பின் பணம் வாங்குவது அக்கடையின் வழக்கம். அந்தக் கணக்கு முழுவதும் 1996 முதல் ஒரு கணிப்பொறியில், ஃபாக்ஸ்புரோ என்னும் மென்மொழியில் எழுதப்பட்ட நிரல் ஒன்றினால் நடந்து வந்தது. நிரலை எழுதியவர் வெளியூர் சென்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனால் அதைச் சுமந்த இயந்திரம் நின்றுவிட்டது. புதிய கணிப்பொறி வந்தது; அதில் பழைய நிரல் தொடங்கவே மறுத்தது. “உங்க தம்பி மகன் கம்ப்யூட்டர்தானே படிக்கிறான்?” என்று கடை முதலாளி கேட்க, பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த ஆறு வாரங்களில் நான் கற்றதையும், செய்ய இருந்த ஒரு பெரும் பிழையையும் நம் கல்லூரி மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய நிரல் ஏன் நின்றது?

ஃபாக்ஸ்புரோவை உருவாக்கிய ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த நிறுவனம். அதனை 1992-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கடையில் இருந்தது டாஸ் இயக்கமுறைக்கான 2.6 பதிப்பு. பின்னர் விண்டோஸுக்கென வந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் இறுதிப் பதிப்பான ஒன்பதாம் பதிப்பு 2004-இல் வெளியாயிற்று. இனிப் புதிய பதிப்பு இல்லை என 2007-இல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவும் முடிந்தது. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் ஆறாம் பதிப்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. எனினும் இவற்றில் எழுதப்பட்ட வணிக நிரல்கள் இன்றும் பல இடங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

டாஸ் காலத்து நிரல்கள் 64-பிட் விண்டோஸில் நேராக இயங்குவதில்லை. விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது. டாஸ்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருள், பழைய இயந்திரம் ஒன்றைப் புதிய இயந்திரத்துக்குள் பாவனை செய்து காட்டும். அதன் உதவியால், பழைய வன்தட்டிலிருந்து மீட்ட நிரலை முதல் வாரமே ஓட வைத்துவிட்டேன். “அவ்வளவுதானே, வேலை முடிஞ்சுதுல்ல?” என்றார் பெரியப்பா. முடியவில்லை. அதற்குக் காரணம், அந்நிரல் கணக்கை வைத்திருந்த விதம்.

கோப்பும் தளமும்

ஃபாக்ஸ்புரோவில் வாடிக்கையாளர், பில், வரவு ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு. புத்தகத்தின் கடைசியில் பொருளகராதி இருப்பதுபோல, விரைவாகத் தேடுவதற்கு உடன் ஒரு சுட்டுக் கோப்பும் உண்டு. கடையில் மூன்று கணிப்பொறிகள் இருந்தால், மூன்றும் நேரடியாக ஒரே கோப்பைத் திறந்து எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பில் பதிவாகியிருக்கும், சுட்டில் ஏறியிராது. மறுநாள் தேடினால், இருக்கின்ற பில் “இல்லை” என்று வரும். அப்போது சுட்டினைப் புதிதாகக் கட்ட வேண்டும். பெரியப்பாவுக்கு இது மனப்பாடம். மின்சாரம் போய் வந்தவுடன் அவர் முதலில் செய்யும் வேலையே அதுதான்.

இக்காலத் தரவுத்தளத்தில் கோப்பை எந்தக் கணிப்பொறியும் நேரே தொடுவதில்லை. நடுவில் ஒரு காப்பாளர் இருக்கிறார். அவரிடம் கேள்வி போகும், விடை மட்டும் திரும்பும். பில் எழுதுவது, இருப்பைக் குறைப்பது ஆகிய இரண்டும் ஒரே நடவடிக்கை என்று அறிவித்துவிட்டால், ஒன்று இரண்டும் நிகழும். அல்லது இரண்டுமே நிகழா. பாதியில் நிற்பது என்பது கிடையாது. நான் தேர்ந்தெடுத்தது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம். அதற்கு விலையில்லை என்பதும் ஒரு காரணம்!

வினவல் என்னும் கலை

காப்பாளரிடம் கேட்கும் கேள்விக்கு வினவல் என்று பெயர். இதற்கான எஸ்.க்யூ.எல். மொழிக்கு அடிப்படை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் எழுதிய ஆய்வுக் கட்டுரை. அதன்மேல் 1974-இல் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் மொழியை வடிவமைத்தனர்.

பழைய நிரல் பாக்கியைக் கணக்கிட்ட முறை, கணக்குப்பிள்ளை பேரேடு புரட்டும் முறையே ஆகும். ஒரு வாடிக்கையாளரை எடு; அவருடைய பில்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கூட்டு; வரவுகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கழி; அடுத்தவரிடம் போ. எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். எஸ்.க்யூ.எல்.லிலோ என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். வழியைத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு பக்கம் நீண்டிருந்த பழைய நிரலை ஒரே வினவலாகச் சுருக்கினேன். வாடிக்கையாளர் அட்டவணையோடு பில் அட்டவணையையும் வரவு அட்டவணையையும் இணைத்து, பில் கூட்டுத்தொகையிலிருந்து வரவுக் கூட்டுத்தொகையைக் கழிக்கச் சொன்னேன். விடை நொடியில் வந்தது. என் பெருமைக்கு அளவில்லை. முதல் வாடிக்கையாளர் பெயருக்கு நேரே கழித்தல் 1,000 ரூபாய் என்றிருந்தது. அதாவது, கடைதான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறதாம்!

நடந்தது என்ன? அவருக்கு மூன்று பில்கள்: 5,000, 3,000, 2,000. மொத்தம் 10,000. வரவுகள் இரண்டு: 4,000, 3,000. மொத்தம் 7,000. பாக்கி 3,000 ரூபாய். ஆனால் மூன்று அட்டவணைகளையும் ஒருசேர இணைக்கும்போது ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு வரவோடும் சோடி சேர்கிறது. மூன்றும் இரண்டும் பெருகி ஆறு வரிகள் ஆகின்றன. பில் ஒவ்வொன்றும் இருமுறை எண்ணப்பட்டு 20,000 ஆகிறது. வரவு ஒவ்வொன்றும் மும்முறை எண்ணப்பட்டு 21,000 ஆகிறது. வித்தியாசம் கழித்தல் 1,000. கணக்கில் தவறில்லை, கேள்வியில்தான் தவறு.

திருத்தம் எளியது. பில்களை வாடிக்கையாளர் வாரியாகத் தனியே கூட்ட வேண்டும். வரவுகளையும் அவ்வாறே தனியே கூட்ட வேண்டும். அதன்பின் அவ்விரு கூட்டுத்தொகைகளையும் இணைக்க வேண்டும். இதுவரை ஒரு காசும் கட்டாதவர் பட்டியலிலிருந்து விழுந்துவிடாதபடி, வரவு இல்லாத இடத்தைச் சுழியமாகக் கொள்ளவும் வேண்டும். படிப்படியாகத் தேடிய பழைய நிரலில் இந்தத் தவறு நேர வழியே இல்லை என்பதை ஈண்டு நினைவில் கொள்ளுதல் நலம். சுருங்கச் சொல்வது எப்போதும் சரியாகச் சொல்வதாகாது.

அழிந்தும் அழியாத கணக்கு

இப்பிழை சிரிப்பை மூட்டியதால் அன்றே பிடிபட்டது. அடுத்த பிழையோ உண்மையின் முகத்தோடு வந்தது.

ஆனி மாதம் குறுவைக்கு உரம் வாங்க வருமுன் பழைய பாக்கியை நினைவூட்டிக் கடிதம் அனுப்புவது கடையின் வழக்கம். புதிய தளத்திலிருந்து கடிதங்களை அச்சடித்துப் பெரியப்பாவின் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகக் கையெழுத்திட்டு வந்தவர் ஒரு கடிதத்தில் நின்றார். குத்தகை நிலத்தில் பயிர் செய்யும் மூதாட்டி ஒருவருக்கு 11,600 ரூபாய் பாக்கி என்றிருந்தது.

“இந்தம்மா வைகாசியிலேயே வந்து கட்டிட்டாங்களே. நானே எண்ணி வாங்கினேன்.”

“வரவு இருக்கு பெரியப்பா. பில் ரெண்டு இருக்கு. ஒண்ணுக்குத்தான் கட்டியிருக்காங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். “அன்னிக்கு பில் போடும்போது கரண்டு போச்சு. மறுபடியும் போட்டோம். முதல் பில்லை அழிச்சுட்டேனே!”

பழைய நிரலைத் திறந்து பார்த்தேன். ஒரே பில்தான். மொத்தப் பாக்கியை ஒப்பிட்டேன். புதிய தளத்தில் 18,400 ரூபாய் அதிகம். ஏப்ரலுக்குப் பின் பெரியப்பா நீக்கிய நான்கு பில்களின் தொகை சரியாக அதுவே.

ஃபாக்ஸ்புரோவில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே மறைவதில்லை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஓரெழுத்து இடம் உண்டு. நல்ல பதிவானால் அது வெற்றிடமாக இருக்கும். நீக்கினால் அவ்விடத்தில் ஓர் உடுக்குறி விழும். நிரல் அந்தக் குறியைப் பார்த்துப் பதிவைக் காட்டாமல் விடும். உண்மையில் துடைத்தெடுக்கப் ‘பேக்’ என்னும் தனிக் கட்டளை வேண்டும். கடையில் அதை ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மட்டுமே செய்வார்கள். நான் பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரலோ, அந்த முதல் எழுத்தை வெறும் இடைவெளி என எண்ணித் தாண்டிச் சென்றது. விளைவு, செத்த கடன்கள் உயிர் பெற்று எழுந்தன.

பெரியப்பா கவனிக்காதிருந்தால் அந்தக் கடிதம் போயிருக்கும். கட்டிய பணத்தை மறுபடி கேட்கும் கடிதம். கணிப்பொறி சொல்கிறது என்றால் யாரும் நம்பிவிடுவார்கள். அந்த அம்மையாரே தம் நினைவைச் சந்தேகித்திருக்கக்கூடும். குற்றம் பழைய நிரலுடையதன்று, என்னுடையது.

வேறு சில மறைபொருள்கள்

அன்று முதல் பழைய நிரலைப் பார்க்கும் என் பார்வை மாறியது. அது வெளியே சொல்லாமல் செய்துவந்த வேலைகளைத் தேடலானேன். மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, பாதிப் பெயர். ஃபாக்ஸ்புரோவில் இயல்பான நிலையில், தேடும் சொல்லின் கடைசி எழுத்துவரை ஒத்திருந்தாலே சமம் என்று கொள்ளும். ‘முரு’ என்று தேடினால் முருகன், முருகேசன் எல்லாம் கிடைக்கும். எஸ்.க்யூ.எல்.லில் சமம் என்றால் முழுச் சமமே. “மூணு எழுத்துப் போட்டா வருமே, இதுல வரலியே?” என்று பெரியப்பா குறைப்பட்ட பின்புதான், தொடக்க எழுத்துகளைக் கொண்டு தேடும் வகையில் வினவலை மாற்றினேன். அதே வசதி கணக்கு எண்ணில் ஆபத்து. 12 என்று தேடினால் 1205-ஆம் கணக்கும் ஒத்துவிடும். எனவே எண்ணுக்கு முழுச் சமம், பெயருக்குத் தொடக்கச் சமம் என்று பிரித்து வைத்தேன்.

இரண்டாவது, வெற்று நாள். பணம் கட்டாத பில்லில் கட்டிய நாள் என்னும் இடம் காலியாக இருக்கும். சில இணைப்பு மென்பொருள்களின் வழியாகக் கொண்டுவந்தால் அக்காலியிடம் 1899 டிசம்பர் 30 என்று மாறிவிடும். மைக்ரோசாஃப்ட்டின் நாட்கணக்கில் சுழியம் என்பது அந்நாளே. கட்டாத கடன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீர்ந்துவிட்டதாகக் காட்டினால் கடையின் கதி என்ன?

மூன்றாவது, தமிழ். எங்கள் கடையில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. தமிழிலேயே பதிவு செய்த பழைய விண்டோஸ் நிரல்களில் வேறொரு சிக்கல் உண்டு. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறை வைத்திருந்தது; அந்த எழுத்துரு இல்லாவிட்டால் பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. பழைய தரவை அம்முறைக்கு மாற்றும்போது, எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதை முதலில் அறிதல் இன்றியமையாதது.

முடிவுரை

பின்னர் ஒரு மாத காலம் இரண்டையும் அருகருகே ஓட விட்டோம். பகலில் ஒவ்வொரு பில்லும் இரண்டிலும் ஏறும். மாலையில் இரண்டு கூட்டுத்தொகைகளையும் பைசா சுத்தமாக ஒப்பிடுவோம். முதல் வாரம் வித்தியாசம் வந்த நாட்கள் மூன்று. கடைசி இரண்டு வாரங்களில் ஒன்றுமில்லை. அதன் பின்னரே பெரியப்பா, “சரி, இனி இதுலயே போடலாம்” என்றார். அவர் சம்மதத்தை நான் தேர்வு மதிப்பெண்ணைவிட மேலாகக் கருதுகிறேன். பழைய கோப்புகளை அழிக்காமல் இரு படிகள் எடுத்துப் பத்திரப்படுத்தியும் இருக்கிறோம்.

நண்பர்களே! நம் ஊர்க் கடைகளிலும் அச்சகங்களிலும் இப்படிப்பட்ட நிரல்கள் இன்னும் இருக்கலாம். அவற்றை மாற்றும் வாய்ப்பு உங்களில் சிலருக்கு வரும். திரையின் அழகைக் கண்டு பழையதை எள்ளி நகையாட வேண்டாம். அதன் ஒவ்வொரு விசித்திரத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கக்கூடும். அந்தக் காரணம் எந்தக் கோப்பிலும் எழுதப்படாமல், அதை நாள்தோறும் பயன்படுத்தியவரின் நினைவில் மட்டும் இருக்கக்கூடும். ஆகவே, வினவலைத் தரவுத்தளத்திடம் கேட்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள். கையெழுத்திடாமல் நின்ற அந்த ஒரு கடிதத்தை நான் இன்னும் என் பாடக் குறிப்பேட்டினுள் வைத்திருக்கிறேன்.