சின்னக் கைக்குள் ஒரு மவுஸ்

அண்மையில் நாம் போயிருந்த ஒரு முன்பள்ளியின் மூலையில், யாரோ மனமுவந்து கொடுத்த பழைய கணனி ஒன்று இருந்தது. மூன்று வயதும் நிரம்பாத ஒரு சிறுவனை ரீச்சர் அதன் முன் இருத்தினார். அவன் உடனே விரலைத் திரையில் வைத்துத் தேய்த்தான். ஒன்றும் அசையவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தான். பிறகு மேசையில் கிடந்த மவுஸைத் தூக்கித் திரையோடு ஒட்டி வைத்துப் பார்த்தான். வாசலில் நின்ற அம்மம்மா பதறிப்போனார். "தொடாதை மோனை, உடைஞ்சு போகும்!" பிள்ளை கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டான். அன்று முழுவதும் அந்தக் கை மேசைப் பக்கம் வரவே இல்லை.

அம்மம்மாவில் குற்றம் சொல்ல முடியாது. பிறர் தந்த பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம், இடம்பெயர்ந்து வாழும் எவருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பயம் பிள்ளையின் கைக்கும் இறங்கிவிடுகிறது. நாளை பாடசாலைக் கணனி அறையில் ஒரு மவுஸுக்கு மூன்று பிள்ளைகள் நிற்கும்போது, பழகிய பிள்ளை பிடிக்கும். பழகாத பிள்ளை பின்னால் நின்று பார்க்கும். பார்த்துக்கொண்டு நின்று எவரும் மண்வெட்டி பிடிக்கப் பழகியதில்லை. மவுஸும் அப்படித்தான்.

கை ஓரிடம், கண் ஓரிடம்

இன்றைய பிள்ளைகள் முதலில் காண்பது கைத்தொலைபேசியை. அதில் படம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விரலும் போகிறது. மவுஸில் அப்படியல்ல. கை மேசையில், அம்புக்குறி திரையில். கையை முன்னே தள்ளினால் அம்புக்குறி மேலே ஏறுகிறது. பெரியவர்களாகிய நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கோ இது பெரியதொரு பாடம்.

இந்தக் கருவியை எண்ணிப் பார்த்தவர் அமெரிக்கரான டக்ளஸ் எங்கல்பார்ட். அவரோடு வேலை செய்த பில் இங்கிலிஷ் 1964 இல் முதலாவதைச் செய்தார். அது ஒரு மரப் பெட்டி; அடியில் இரண்டு சில்லுகள், மேலே ஒரேயொரு பொத்தான். வால்போலத் தொங்கிய வயரால் எலி என்ற பெயர் வந்தது. 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அதைப் பலர் முன் இயக்கிக் காட்டினார்கள். பெரியவர்களின் கைக்கென்று பிறந்த கருவி இது. சின்னக் கைக்கு நாம்தான் வழி செய்து கொடுக்கவேண்டும்.

கணனி இல்லாத வீட்டில்

வீட்டில் கணனி இல்லையே என்று சோரவேண்டாம். கையைப் பழக்க இரண்டு, மூன்று விளையாட்டுகள் போதும்.

முதலாவது, ரோச் லைற். இருட்டியதும் சுவரில் ஓர் இலையை ஒட்டிவிட்டு, "வெளிச்சத்தாலை இலையைப் பிடி" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். கை இங்கே அசைய, வெளிச்சம் அங்கே அசையும். மவுஸின் பாடமும் இதுவேதான்.

இரண்டாவது, வெறும் சவர்க்காரப் பெட்டிக்கு நூலால் ஒரு வால் கட்டுங்கள். நிலத்தில் கரித்துண்டால் வளைந்த பாதை கீறி, பெட்டியைத் தூக்காமல் உள்ளங்கையால் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உள்ளங்கையை நிலத்தில் ஊன்றியபடி, சுட்டுவிரலால் மட்டும் ஈரக் களிமண்ணில் புளியங்கொட்டைகளை அமுக்குவது. மற்ற விரல்கள் அசையாமல் ஒரு விரல் மட்டும் அமுக்கப் பழகுவதே மவுஸின் பொத்தானுக்கான பயிற்சி. கொட்டையைப் பிள்ளை வாயிலோ மூக்கிலோ போடாதபடி பக்கத்தில் இருங்கள்.

கணனிக்கு முன்னால்

முன்பள்ளியிலோ நூலகத்திலோ கணனி கிடைத்தால், ஒரு நேரத்தில் ஒரு பாடமே வேண்டும். முதலில் அசைப்பது மட்டும். அது கைவந்தபின் ஒருதரம் அமுக்குவது. அதன்பின் அமுக்கிப் பிடித்தபடி இழுப்பது. இரண்டுதரம் விரைவாக அமுக்குவதைக் கடைசிக்கு விடுங்கள். அது சின்ன விரலுக்கு மிகக் கடினம்.

அம்புக்குறியைப் பெரிதாக்கி, அதன் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இடது பொத்தானில் நிறக் கடதாசித் துண்டொன்றை ஒட்டுங்கள். கால் தொங்காதபடி ஒரு பெட்டியை வையுங்கள். மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டால் அதைத் தூக்கி நடுவில் வைக்கலாம் என்பதையும் காட்டுங்கள். இது தெரியாமலே பல பிள்ளைகள் அழுவதைக் கண்டிருக்கிறோம். பிள்ளையின் கையை நமது கைக்குள் இறுக்கிப் பிடிக்கவேண்டாம். நமது கையின்மேல் பிள்ளையின் கையை வைத்து நாலைந்து தரம் அசைத்துக் காட்டிவிட்டு விலகிவிடுங்கள்.

பிரான்சில் புரூனோ கூடுவான் 2000 இல் தொடங்கிய ஜிகொம்பிரி என்ற தொகுப்பு இலவசமானது; இரண்டு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கானது. அதில் ஒரு விளையாட்டில், மூடிய கட்டங்களின்மேல் அம்புக்குறி போகப் போக அவை மறைந்து, அடியிலுள்ள படம் வெளிவரும். பொத்தானை அமுக்கவே தேவையில்லை. அடுத்ததில் ஒருதரம் அமுக்கவேண்டும். இன்னொன்றில் நீந்தும் மீன்களை அமுக்கிப் பிடிக்கவேண்டும்.

அளவும் வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. கைத்தொலைபேசி பார்க்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும். மவுஸ் பழகப் பத்து நிமிடம் போதும். மிகுதி நேரம் மண்ணிலும் மரநிழலிலும் கழியட்டும்.

விளையாடிப் பழகுவது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. 1990 இல் வின்டோஸ் 3.0 உடன் சொலிடேர் என்ற சீட்டு விளையாட்டு வந்தபோது, சீட்டை இழுத்து இழுத்தே பெரியவர்கள் பலர் மவுஸ் பிடிக்கப் பழகினார்கள்.

சில வாரங்கள் கழித்து அதே முன்பள்ளிக்கு மறுபடி போனோம். வீட்டில் ரோச் லைற்றோடு விளையாடிப் பழகிய அந்தச் சிறுவன், திரையின் கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். அடியிலிருந்து ஒரு மிருகத்தின் முகம் வெளிவந்ததும் கத்திச் சிரித்தான். பின்னால் நின்ற அம்மம்மா மெல்லக் கிட்ட வந்தார். "எனக்கும் ஒருக்கால் தா மோனை."

அவன் இடம் விட்டான். நாமும் நம் பிள்ளைகளிடம் "தொடாதை" என்பதை விட்டு, "மெல்லமாத் தொட்டுப் பார்" என்று சொல்லப் பழகுவோம்.