சேப்பங்கிழங்குச் சாகுபடியும் இலைக்கருகல் நோயும்

யானையின் செவியை ஒத்த அகன்ற இலைகளையுடைய சேம்பு, நீர்வசதியுள்ள நிலங்களில் ஏறக்குறைய ஆறு மாதங்களில் பலன் தரும் பயிராகும். ஆயினும் இதற்கு இலைக்கருகல் என்னும் கொடிய நோயொன்று உண்டு. பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா தீவுகளில் 1993-ஆம் வருஷத்தில் இந்நோய் புகுந்தது. ஆங்குப் பெரும்பாலும் ஒரே ரகம் பயிரிடப்பட்டிருந்தமையால், மறு வருஷத்திற்குள் சேம்பு ஏற்றுமதி அநேகமாய் அற்றுப்போயிற்று. பின்னர் நோய் தாங்கும் ரகங்களைக் கலப்பினால் உண்டாக்கியே அத்தீவினர் பயிரை மீட்டனர்.

விடாமழையும் குளிர்ந்த இரவும் சேருங்கால், இலையில் நீர் கோத்தாற்போன்ற சிறு புள்ளிகள் தோன்றும். அவை வட்டமாய் விரிந்து, சில தினங்களில் இலை முழுவதையும் கருக்கிவிடும். இலை அழிந்தால் கிழங்கு பருக்காது.

ஆகையால் விதைக்கிழங்கை நோயற்ற தூர்களிலிருந்தே எடுத்தல் வேண்டும். 25 முதல் 35 கிராம் வரை எடையுள்ள பக்கக்கிழங்குகள் தகுந்தவை. தொழுவுரத்தை அடியுரமாக இட்டு, பாருக்குப் பார் 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டரும் விட்டு நட்டால் காற்றோட்டம் உண்டாகும். களையெடுத்து மண் அணைத்தல் அவசியம். புள்ளி கண்ட இலைகளை உடனே அறுத்து அப்புறப்படுத்தி அழித்துவிட வேண்டும்.

நிலமுடையோர் ஒரே ரகத்தை நம்பாது இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்து நடுவது நலம். ஒன்று கெட்டாலும் மற்றொன்று நிற்கக்கூடும். நோய் கண்ட ஊரின் விதைக்கிழங்கு அயலூர்களுக்குச் செல்லாதபடி கிராம அதிகாரிகள் குடிகளை எச்சரிப்பார்களாக.