பிடித்த படமும் சிறந்த படமும்

“உமக்குப் பிடித்த படம் எது?” என்று கேட்டால், யாழ்ப்பாணத்தவர் ஒருவர் விடை கூற நெடுநேரம் எடுக்கமாட்டார். ஐம்பது, அறுபதுகளிற் பள்ளிக்கூடம் சென்றவராயின் ‘நாடோடி மன்னன்’ என்பார். அல்லது ‘பாசமலர்’ என்பார். “நல்லது. நீர் பார்த்தவற்றுட் சிறந்த படம் எது?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டாற் சிறிது தடுமாற்றம் உண்டாகும். சிலர் முன்பு சொன்ன பெயரையே இன்னும் உரத்த குரலிற் சொல்வர். வேறு சிலர், கேட்பவரின் படிப்பையும் பதவியையும் மனத்திற் கொண்டு, ஒரேயொரு தடவை பார்த்துப் பாதியிலே கண்ணயர்ந்த வங்காளப் படமொன்றின் பெயரைச் சொல்வர். முன்னவர் இரண்டு கேள்விகளும் ஒன்றே என எண்ணுகிறார். பின்னவருக்கு அவை வேறென்பது தெரியும். ஆயினும் முதற் சொன்ன விடையைப் பற்றி அவருக்கு வெட்கம்.

பிடித்தம் என்பது படத்தைப் பற்றிய செய்தியன்று. பார்த்தவரைப் பற்றிய செய்தி. 1961ஆம் ஆண்டு ‘பாசமலர்’ வெளிவந்தபோது தங்கையை அழைத்துச் சென்று பார்த்த இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். கலரி வாங்கில் நெருக்கியடித்து இருந்ததும், இடைவேளையிற் கொறித்த கச்சானும், திரும்பி வரும் வழியில் இருவரும் வாய்பேசாது நடந்ததும் அவருக்கு அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டவை. பின்னர் தங்கை மணமாகிக் கடல் கடந்து போயிருக்கலாம். அவர் இன்று அப்படத்தைப் பார்த்துக் கண் கலங்கினால், அக்கண்ணீரிற் படத்தின் பங்கு எவ்வளவு, வாழ்க்கையின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல இயலாது. பிரிக்க வேண்டியதுமில்லை. தாய் காய்ச்சிய ஒடியற் கூழே உலகில் உயர்ந்தது என்பவரிடம் ஆதாரம் கேட்பார் உண்டோ?

‘சிறந்தது’ என்ற சொல்லின் நிலை வேறு. அதனைச் சொன்னவர் தம் மனத்தை விட்டு வெளியே வந்து, பிறரும் ஆராயக்கூடிய ஒன்றைக் கூறிவிட்டார். ஆகவே காரணம் காட்டும் கடமை அவரைச் சேர்ந்தது. கதை தன் வழியிற் செல்கிறதா, அன்றிக் கைதட்டலுக்காக வளைக்கப்படுகிறதா? நடிப்பவர் அந்த மாந்தராகவே நிற்கிறாரா? வசனம் சொல்லத் தேவையில்லாததைக் கமரா சொல்கிறதா? இவற்றை எடுத்துக்காட்டினால் மறுப்பவரும் காரணத்தோடு மறுக்கலாம். பாடசாலைகளில் ‘எனக்குப் பிடித்த படம்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், ‘இதுவரை வெளிவந்த படங்களுள் தலைசிறந்தது’ என்றே பிள்ளைகளிற் பலர் தொடங்குவர். பிள்ளைகளை நோவானேன்? பெரியோரின் பத்திரிகைக் கடிதங்களும் அவ்வாறே தொடங்குகின்றன.

1954இல் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘அந்த நாள்’ என்ற படத்தை இங்கே நினைக்கலாம். வீணை வித்துவானாகிய எஸ். பாலச்சந்தர் அதனை இயக்கினார். அதிற் பாட்டு இல்லை, நடனம் இல்லை, கதாநாயகனாகிய சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். காசு கொடுத்து வந்த அக்காலத்து மக்கள் ஏமாற்றமடைந்ததில் வியப்பில்லை. வசூலிற் படம் தோற்றது. இன்றோ, தமிழ்ப் படங்களின் வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனை விட்டுச் செல்வதில்லை. படம் மாறவில்லை, காரணம் கூறி அதனை எடுத்துக்காட்டுவோர் தோன்றினர்.

சிறப்பென்பது என்றும் மாறாத கல்வெட்டு என்றும் கொள்ளலாகாது. ‘சைற் அன்ட் சவுண்ட்’ என்னும் ஆங்கிலேயச் சஞ்சிகை பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விமர்சகரின் வாக்கைக் கேட்டு வருகிறது. 1962 முதல் 2002 வரை ‘சிற்றிசன் கேன்’ முதலிடம் வகித்தது. 2012இல் ‘வேர்ட்டிகோ’ அதனை இறக்கியது. 2022இல் ஷாந்தால் அக்கர்மான் என்ற பெண் இயக்குநரின் படம் முதலிடம் பெற்றது. அறிஞரின் தீர்ப்பும் இடம்பெயர்வதுண்டு. ஆனால் அதனைப் பெயர்ப்பது வாதம்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு வெளியூர் செல்ல வேண்டியதில்லை. எழுபதுகளில் இலங்கைத் தமிழ்ப் படங்கள் சில வெளிவந்தன. 1976இல் வந்த ‘கோமாளிகள்’, எஸ். இராம்தாசும் அவர் குழுவினரும் இலங்கை வானொலியில் நடத்திய நகைச்சுவைத் தொடரிலிருந்து பிறந்தது. வானொலியிற் கேட்டுப் பழகிய குரல்களின் முகங்களைக் காண மக்கள் திரண்டனர். படம் நன்றாக ஓடியது. அடுத்த ஆண்டு வந்தது ‘பொன்மணி’. கதையும் வசனமும் காவலூர் இராஜதுரை; இயக்கியவர் தர்மசேன பத்திராஜா. சிங்களவராகிய அவர் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளர். எழுத்தாளர் நந்தி, சித்திரலேகா மௌனகுரு முதலியோர் நடித்தனர். யாழ்ப்பாண மண்ணிலேயே படமாக்கப்பட்டது.

கதை யாழ்ப்பாணத்தார் அறியாததன்று. உயர்குலம் எனப்படும் குடும்பம் ஒன்று, உள்ளே பணமுடை. சீதனம் இன்மையால் மூத்தவளின் கலியாணம் தள்ளிப்போகிறது. இளையவள் பொன்மணி சாதி வேலியைக் கடந்து ஒருவனை விரும்பி வீட்டை விட்டுப் போகிறாள். முடிவு அவளுடைய மரணம். இவற்றை உரத்த அழுகையாகக் காட்டாமல், முற்றத்தின் மௌனமாகவும் பேசாத பார்வைகளாகவும் காட்டினார் பத்திராஜா. படம் நெடுநாள் ஓடவில்லை. விமர்சகர் பலர் இன்று இலங்கைத் தமிழ்ப் படங்களின் முதல் வரிசையில் அதனை வைக்கின்றனர்.

மக்களுக்கு அது பிடிக்காமற் போனதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. நாளெல்லாம் தோட்டத்தில் இறைத்துக் களைத்தவர், வீட்டிற் கண்டு சலித்த சீதனக் கணக்கையே காசு கொடுத்துத் திரையிலும் காண விரும்பாதது இயல்பு. இன்னொன்றும் உண்டு. தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதற் கலையரங்கு படமாளிகையே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது குலமன்று, ரிக்கற் விலையே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். சாதியை வாசலிலே விட்டு உள்ளே வந்து இரண்டரை மணி நேரம் மறந்திருக்கும் இடத்தில், அச்சாதியையே திரையில் எழுப்பியது ‘பொன்மணி’. சங்கடம் உண்டாகாமல் எப்படி இருக்கும்?

பிழை அடுத்த படியிலே நேர்ந்தது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லியிருந்தால் அது உண்மை. ‘கூடாத படம்’ என்று சொன்னபோது, காரணம் காட்டாத தீர்ப்பாயிற்று. ‘எனக்குப் பிடிக்கவில்லை, ஆயினும் இது நல்ல படம், நீர் போய்ப் பாரும்’ என்று அயலவருக்குச் சொல்லும் பழக்கம் உள்ள ஊரில் இத்தகைய படம் இன்னும் சில கிழமைகள் தாங்கியிருக்கும்.

சிங்களத் திரையுலகிலும் இதே சோதனை வந்தது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், தென்னிந்திய ஸ்ரூடியோப் பாணியை விட்டுக் கிராமத்து வெயிலிலே ‘ரேகாவ’ படத்தை எடுத்தார். மறு ஆண்டு அது கான் விழாவிற் போட்டிக்குச் சென்றது. உள்ளூரில் வசூல் இல்லை. ஆனால் அதன் தகுதியை எடுத்துரைக்க எழுத்தாளரும் பத்திரிகையாளரும் இருந்தனர். அவரது ‘கம்பெரலிய’ 1965இல் டில்லி விழாவிலே தங்கமயில் விருது பெற்றது. இலங்கைத் தமிழ்ப் படத்துக்கோ சந்தையும் சிறிது. தமிழகப் படங்களின் போட்டியும் பெரிது. பின்னர் போரும் வந்தது. எல்லாவற்றையும் இரசனையின் தலையிற் கட்டுவது நீதியாகாது. எனினும் ‘பொன்மணி’யின் பின் பத்திராஜா தமிழில் இன்னொரு கதைப்படம் எடுக்கவில்லை.

படித்தவரின் பிழையையும் சொல்லாமல் விடுவது முறையன்று. ‘பொன்மணி’யைப் புகழும் சிலர், மக்கள் சிரித்தார்கள் என்பதையே குற்றமாக்கி, ‘கோமாளிக’ளை ஒரே வார்த்தையிற் தள்ளிவிடுகின்றனர். தமிழகத்துப் பேச்சையே திரையிற் கேட்டு வந்த இலங்கைத் தமிழர், தம் நாட்டு வழக்குகளைக் கேட்டுச் சிரிக்க அப்படம் இடமளித்தது. அதைச் சிறந்த படம் என்று வாதிடுவது கடினம். அதை விரும்பியவர் வெட்கப்பட வேண்டிய காரணமும் இல்லை.

பத்திராஜா 2018இற் காலமானார். அவருடைய படங்களை நினைவுகூரும் அரங்குகளிற் ‘பொன்மணி’யும் இடம்பெற்று வருகிறது. அது வெளிவந்தபோது பிறந்திராத இளைஞர் அங்கே அதைக் காண்கின்றனர். வீட்டுக்கு வந்து, “இந்தப் படம் ஓடேக்கை நீங்கள் பார்க்கேல்லையோ, அப்பா?” என்று அவர்கள் கேட்டால், விடை சொல்லத் தந்தையர்க்குச் சற்று நேரம் எடுக்கிறது.