குன்னூர் எலிகளும் நம் சோற்றுத் தட்டும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்து நண்பர்களிடம், "நான் புலவன் இல்லீங்க, அரிசி வியாபாரி" என்றேன். "அப்போ அரிசியைப் பத்தியே எழுதுங்க நயினாரே" என்று சொல்லிவிட்டார்கள். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியேறி, நாற்பது ஆண்டுகள் ஆரணி அரிசியை மூட்டை மூட்டையாக விற்றவன் நான். பத்தாண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய் வந்தபிறகுதான், விற்ற பொருளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்ததில் ஒரு செய்தியைத் தமிழன்பர்கள் அவசியம் அறிய வேண்டும்.

இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் பிறந்தது நம் நீலகிரிக் குன்னூரில். ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கியது அது. 1958இல்தான் ஹைதராபாத்துக்குப் போயிற்று. அந்த மெக்கரிசன் 1920களில் ஒரு சோதனை செய்தார். இளம் எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவைக் கொடுத்து வளர்த்தார். உயிர்களை வைத்துச் செய்யும் சோதனை என் மனத்துக்கு ஒப்பாது. ஆனாலும் அவை கொடுத்த பாடத்தை வீணாக்குவது இன்னும் பெரிய பாவம்.

சீக்கியர் உணவு உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடையோடு முதலிடம். அடுத்து பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர். ஐந்தாவது கன்னடியர், ஆறாவது வங்காளியர். கடைசி இடம், 155 கிராம், யாருக்கு? மதராஸ்காரன் சாப்பாட்டுக்கு! நமக்குத்தான்!

காரணம் என்ன? சீக்கியர் தட்டில் தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, கீரை, காய்கனி எல்லாம் இருந்தன. எப்போதாவது சிறிது இறைச்சியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நம் தட்டிலோ சோறு மலைபோல, மற்றதெல்லாம் பேருக்கு. அதாவது வயிறு நிறைந்தது, உடம்பு நிறையவில்லை.

அரிசியின் சத்து பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. மில்லில் பாலிஷ் போடப்போட அது மாட்டுத் தீவனமாகப் போய்விடும். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் கால் துவண்டு விழுவதை ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் 1890களில் கண்டார். 1929இல் நோபல் பரிசு பெற்றார். நம் முன்னோர் நெல்லை அவித்துக் குத்தினார்கள். அவிக்கும்போது தவிட்டிலுள்ள தையமின் சத்து கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால்தான் புழுங்கலரிசி பச்சரிசியைவிட மேல்.

இதையெல்லாம் அறியாமல், "நல்லா வெள்ளையா இருக்கா நயினாரே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "மல்லிப்பூ மாதிரி இருக்கும்மா, எடுத்துட்டுப் போங்க" என்று விற்றவன் நான். என் வாடிக்கையாளர் பலர் இன்று சர்க்கரை மாத்திரை போடுகிறார்கள். அரிசி ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரை, உடல் உழைப்பு குறைந்தது, எல்லாம் உண்டு. இருந்தாலும் என் தராசுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

எங்கள் பாட்டி காலையில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவாள். ஏழைச் சாப்பாடு என்று அதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். இங்கே வந்து கன்னடம் கற்றோம். பக்கத்து வீட்டு ராகி முத்தேயையும் சொப்பு சாரையும், அதாவது களியையும் கீரைக் குழம்பையும், கற்கவில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. வெள்ளை அரிசியில் பத்து மில்லிகிராம் இருந்தாலே அதிகம். ஆனால் ஒன்று, கேழ்வரகும் தானியம்தான். சோற்றைக் குறைக்காமல் களியையும் சேர்த்து உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சரி, அளவு என்ன? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைய கணக்கு இது: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85, காய் கீரை 400, பழம் 100, கொட்டை மற்றும் வித்துகள் 35, எண்ணெய் நெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தானியத்தில் இட்லி, தோசை, சோறு, சப்பாத்தி எல்லாம் அடக்கம், அதுவும் சமைக்குமுன் எடை. நான் ஒருவனே நாளைக்கு அரைக் கிலோ அரிசி தின்றவன்! காயோ ஒரு கரண்டி.

ஊன் உண்ணாதவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பி12 என்ற வைட்டமின் காய்கறியிலோ தானியத்திலோ கிடையாது. பால், தயிர் தவறாமல் சேர்க்கவேண்டும். கை கால் மரத்துப்போனால் வயசு என்று விடாமல் ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து சரியாக ஒட்டாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் ஒட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதா? வள்ளுவர் 'மருந்து' என்று அதிகாரம் வைத்து, ஒரு மருந்தின் பெயரும் சொல்லாமல், பத்தில் ஆறு குறளை உண்ணும் முறைக்கே கொடுத்தார். எங்கள் சமண மரபில் வயிறு நிறையுமுன் கை கழுவுவதைத் தவம் என்றே எண்ணினார்கள். பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்தார்கள். அளவைப் பெரியோர் சொன்னார்கள். தட்டில் எது எவ்வளவு என்பதைக் குன்னூர் சொன்னது. இரண்டும் சேர்ந்ததுதான் சமச்சீர் உணவு.

இப்போது கடையில் என் மகன் உட்காருகிறான். முன்வரிசையில் கேழ்வரகும் சாமையும் புழுங்கலும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வெள்ளை அரிசி பின்னால் இருக்கிறது, கேட்டால் கொடுக்கிறோம். கொடுக்கும்போது, "கூட ஒரு கட்டுக் கீரையும் வாங்கிக்கோங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்கிறோம். வீட்டில் என் தட்டில் சோறு இப்போது ஒரு கிண்ணம்தான், மீதி இடமெல்லாம் காயும் பருப்பும். அன்பர்கள் அவரவர் தட்டை இன்று இரவு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.