காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் மாட்டிறைச்சி ஸ்டூ

நோயாளியின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை உணவியலாளர் எழுதித் தருகிறார். அவரருகே நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர் என்ன உண்ண வேண்டும் என்று எவரும் எழுதித் தருவதில்லை. கீழ்த்தளச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு தேநீரும் ஒரு மஃபினும் நண்பகல் உணவாகிவிடுகின்றன. இரவு எட்டு மணிக்குப் பனியில் வீடு திரும்பினால், விளக்கேற்றாத சமையலறை காத்திருக்கிறது. இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தால் பராமரிப்பவரே தளர்ந்துவிடுகிறார். நோயாளி வீடு திரும்பிய பின் அவரைத் தாங்கிப் பிடித்து எழுப்பவேண்டியவரும் அவரே. ஆகவே இம்முறை, புறப்படும்போது ஏற்றிவிட்டுத் திரும்பியதும் இறக்கி உண்ணக்கூடிய ஒரே ஒரு பதார்த்தத்தை எடுத்துக்கொள்கிறோம்: ஸ்லோ குக்கரில் ஆக்கும் மாட்டிறைச்சி ஸ்டூ.

ஆளில்லாமல் வேகும் சட்டி என்பது புதிய எண்ணமன்று. யூதர்கள் ஓய்வு நாளில் நெருப்பு மூட்டுவதில்லை. அதனால், இறைச்சியும் அவரையும் பார்லியும் சேர்ந்த 'சோலன்ட்' என்னும் உணவை வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் அடுப்பில் வைத்து, மறுநாள் வரை அப்படியே விட்டுவிடுவர். லித்துவேனியாவில் அச்சட்டியை ஊர் வெதுப்பகத்தின் ஆறிவரும் அடுப்பில் வைத்து எடுத்த கதையைத் தம் தாயிடம் கேட்ட இர்விங் நாக்ஸன் என்னும் அமெரிக்கர், மின்சாரத்தால் அதைச் செய்யும் கலம் ஒன்றை அமைத்து 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் அவரது நிறுவனத்தை வாங்கிய ரைவல் நிறுவனம் மறு ஆண்டே அதனைக் 'கிராக்-பாட்' என்று பெயரிட்டு விற்கத் தொடங்கியது. வேலைக்குச் செல்லும் பெண்களின் வீடுகளில் அது விரைவாக இடம்பிடித்ததில் வியப்பில்லை. நாள் முழுவதும் வெளியே இருக்க நேரும் குடும்பம் எதுவாயினும் அதற்கு இக்கலம் பொருந்தும்.

இன்னொரு நன்மை, இதில் மலிவான இறைச்சியே சிறப்பாக வேகும் என்பது. மாட்டின் தோள்பட்டை, கெண்டைக்கால், நெஞ்சுப் பகுதிகள் ஓயாது உழைக்கும் தசைகள். அவற்றில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு மிகுதி. விரைந்து பொரித்தால் இவை தோல்போல் இறுகும். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் ஈரத்தோடு வேகும்போதோ அத்திசு மெல்லக் கரைந்து ஜெலட்டினாகிறது. குழம்புக்கு வழவழப்பும் செறிவும் அளிப்பது அதுவே. விலையுயர்ந்த இடுப்புப் பகுதித் துண்டுகளை இதில் இட்டால் அவை உலர்ந்து சக்கையாகும், பணமும் வீண். 'ஸ்டூயிங் பீஃப்' என்று வெட்டி அடுக்கி விற்கப்படுவதில் பல பகுதிகளின் துண்டுகள் கலந்திருக்கும். ஒன்று குழையும்போது மற்றொன்று வேகாதிருக்கும். 'பிளேட் ரோஸ்ட்' எனப்படும் தோள்பட்டைத் துண்டு விலை குறைந்து வரும் வாரத்தில் அதை முழுதாக வாங்கி வீட்டில் வெட்டுவதையே நாம் பரிந்துரைப்போம்.

ஆறு பேருக்கு எலும்பில்லாத இறைச்சி ஒரு கிலோ போதும். தடித்த கொழுப்பை நீக்கி, நான்கு சென்ரிமீற்றர் அளவுத் துண்டுகளாக வெட்டுங்கள். உருளைக்கிழங்கு நான்கு, கரட் நான்கு, பெரிய வெங்காயம் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, உள்ளி ஐந்து பல், தக்காளிக் களி இரண்டு மேசைக்கரண்டி, கோதுமை மா மூன்று மேசைக்கரண்டி, ஒரு பிரிஞ்சி இலை, ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள் ஆகியவை வேண்டும். கையளவு பார்லி சேர்த்தால் சட்டி நிறையும். இறைச்சியைச் சற்றுக் குறைத்தும் வயிறு நிறைய உண்ணலாம்.

இந்தக் கலத்தில் வேர்க்காய்கறிகள் இறைச்சியைவிடத் தாமதமாக வேகும் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். வெப்பம் அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் வருவதால், கிழங்கையும் கரட்டையும் அடியில் பரப்பி, மாவில் புரட்டிய இறைச்சியை மேலே வைக்க வேண்டும். நேரமிருந்தால் இறைச்சியைச் சூடான எண்ணெயில் சிவக்கப் புரட்டிக்கொள்ளலாம். அது சாற்றை உள்ளே பூட்டிவைக்கும் என்பது வெறும் நம்பிக்கை. அதனால் கிடைப்பது மணமும் நிறமும்தான். மருத்துவமனைக்கு விரையும் காலையில் அதை விட்டுவிடுவதால் குற்றமில்லை. தக்காளிக் களியைக் கரைத்த இரண்டரைக் கோப்பை நீர் போதும். மூடிய கலத்தில் ஆவி வெளியேறாது. காய்களும் நீர் விடும். அதிகம் ஊற்றினால் ஸ்டூவன்று, சூப்பு கிடைக்கும்.

குறைந்த வெப்பத்தில் எட்டு மணி நேரம், அல்லது உயர் வெப்பத்தில் நான்கு முதல் ஐந்து மணி நேரம் வேக வேண்டும். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குங்கள். ஒவ்வொரு முறையும் இழந்த வெப்பம் மீள நெடுநேரமாகும். பச்சைப் பட்டாணி, தேங்காய்ப்பால் போன்றவற்றைக் கடைசி அரைமணியில் சேருங்கள். இறக்கியபின் ஒரு தேக்கரண்டி வினாகிரியோ எலுமிச்சைச் சாறோ விட்டால் சுவை எழும். உப்பும் குறைவாகவே தேவைப்படும்.

மாட்டிறைச்சி உண்ணாத இல்லங்கள் நம் வாசகரிடையே பல உள்ளன. ஆட்டின் தோள்பட்டை இறைச்சி இதே முறைக்கு நன்கு பொருந்தும். கடலையோ அவரையோ இடுவோர் ஒன்றை மறக்கலாகாது. உலர்ந்த சிவப்புக் கிட்னி பீன்ஸில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு. ஸ்லோ குக்கரின் மிதமான வெப்பம் அதை அழிக்கப் போதாது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, நீரை வடித்து, புதுநீரில் பத்து நிமிடம் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்ட பின்னரே கலத்தில் இடுங்கள். தகரத்தில் அடைத்து விற்பவை முன்னரே வெந்தவை.

நோயாளி உள்ள வீட்டில் சமையலின் தூய்மை மருந்துக்குச் சமமானது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். 4 பாகை முதல் 60 பாகை வரையுள்ள வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். இந்தக் கலமோ மெதுவாகச் சூடேறுவது. எனவே உறைந்த இறைச்சியை அப்படியே இடாதீர்கள். முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். இரவே வெட்டி வைப்பதாயின் இறைச்சியையும் காய்களையும் தனித்தனிப் பாத்திரங்களில் குளிரில் வையுங்கள். பச்சை இறைச்சியை இட்டுவிட்டு, நண்பகலில் தானே இயங்குமாறு நேரங்குறித்துச் செல்வது வேண்டாம். கலத்தைப் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் நிரப்புங்கள். நீங்கள் வெளியே இருந்தபோது மின்சாரம் நின்றுபோனதாகத் தெரிந்தால், வெந்ததுபோல் தோன்றினாலும் கொட்டிவிடுங்கள். ஒரு கிலோ இறைச்சியைக் கொட்ட மனம் வராதுதான். ஆயினும் வேதிச்சிகிச்சை பெறுபவருக்கு அதை ஊட்டுவதைவிட அவ்விழப்பு சிறிது.

ஒரு பங்கில் ஏறத்தாழ 30 கிராம் புரதம் கிடைக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதற்கும் இழந்த தசை மீள்வதற்கும் அது உதவும். ஆயினும் எல்லா நோயாளிக்கும் இது ஏற்றதன்று. சிறுநீரக நோயாளருக்குப் புரதத்தின் அளவும், கிழங்கிலும் தக்காளியிலும் உள்ள பொற்றாசியமும் கணக்கில் வரும். இதய நோயாளருக்கு உப்பே எதிரி. கடையில் வாங்கும் சூப்புக் கட்டிகளில் அது மிகுதியாக உள்ளது. யூரிக் அமில மூட்டுவாதம் உள்ளவர் இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் உண்பதாலும் தப்ப முடியாது. வேதனையைத் தூண்டும் பியூரின்கள் அதிலும் இறங்கியிருக்கும். விழுங்குவதில் இடர்ப்படுபவர் செய்தியில் இன்னும் கவனம் தேவை. குழைய வெந்த இறைச்சி விரலுக்கு மென்மையாகத் தோன்றினும், நார் நாராகப் பிரிந்து தொண்டையில் சிக்கக்கூடும். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் குறித்த பதத்திற்கு மாற்றாமல் கொடுக்கலாகாது. பகுதிக்கு வீட்டு உணவு கொண்டுவருவோர், முதலில் தாதியரிடம் கேட்டறிய வேண்டுகிறோம்.

மிஞ்சியதைக் கனத்த கலத்திலேயே விட்டுவிடாமல், ஆழமற்ற சிறு பெட்டிகளில் பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வையுங்கள். மூன்று நாட்களுக்குள் உண்டு முடிக்கலாம். மீண்டும் சூடாக்குவதற்கு ஸ்லோ குக்கர் ஏற்றதன்று. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ 74 பாகை வரை, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். உறையவைப்பதாயின் உருளைக்கிழங்கைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். உறைந்து இளகிய கிழங்கு மணல்போல் உதிரும். பெட்டியின்மேல் தேதியையும், உள்ளே இருப்பது மாட்டிறைச்சி என்பதையும் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் வர முடியாத இரவில் பிள்ளைகளுக்கு உணவு எடுத்துக் கொடுக்க வரும் அயலவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.