சோறு வந்தது, தூக்கம் போனது

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்துச் சோற்றுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1920-இல், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. அந்த அணாவுக்கும் ஐந்தாண்டுகளில் தடை வந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1950-களின் நடுவில், காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். அரிசி, பருப்பு, விறகு, அண்டா என்று ஊரார் கொடுத்ததில்தான் பல இடங்களில் அடுப்பு எரிந்தது. 1961 முதல் அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு தந்த பால் பவுடரும் எண்ணெயும் சேர்ந்துகொண்டன. 1982 ஜூலை 1-இல் திருச்சிக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிய பிறகு அது மாநிலம் முழுவதற்குமான ஏற்பாடாயிற்று. அப்போது படித்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது தட்டைத்தான். புத்தகப் பையில் நுழையாத அலுமினியத் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார்கள். அடியில் ஆணியால் கீறிய பெயர் இருக்கும்.

பிறகு முட்டை வந்தது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று. படிப்படியாக ஏறி 2010-இல் வாரம் ஐந்து. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இப்போது எந்த அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் எட்டே காலுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாகச் சம்மணம் போட்டிருப்பார்கள். கிச்சடி நாளென்றால் ஒருவன் கேரட்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பான். பரிமாறும் அக்கா “அதையும் தின்னுடா தம்பி” என்று சாம்பாரை அதன் மேலேயே ஊற்றிவிட்டுப் போவார். பசியோடு பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்று மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்த ஆசிரியர்களுக்கு, இந்தக் காட்சியின் அருமை தெரியும். இதை நான் முழு மனதோடு பெருமை என்றே சொல்வேன்.

இதே காலத்தில் பிள்ளைகளின் இரவுக்கு என்ன நடந்தது?

அன்றைய இரவு எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். எட்டயபுரத்தைச் சுற்றிய அதே கரிசல் பூமியில், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விடியுமுன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்துவிடும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளை அரைத் தூக்கத்தில் இழுத்துக்கொண்டுபோய் ஏற்றிவிடுவார்கள். கட்டை அடுக்கி, பெட்டி ஒட்டி, இருட்டிய பிறகு பிள்ளைகள் திரும்புவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சத்துணவும் கிடையாது, தூக்கமும் கிடையாது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996-இல் சிவகாசி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எனப் பல பேர் பல காலம் போராடித்தான் அந்தப் பஸ் நின்றது.

பள்ளிக்குப் போன பிள்ளைகளின் இரவு வேறு மாதிரி. ரேஷன் மண்ணெண்ணெய் அளவாகத்தான் கிடைக்கும். “விளக்கை அணைச்சிட்டுப் படு, எண்ணெய் தீந்துபோகும்” என்று எட்டரை மணிக்கு அம்மா குரல் கொடுத்தால் அதோடு படிப்பு முடிந்தது. பிள்ளையின் உடம்பைக் கருதி யாரும் அப்படிச் செய்யவில்லை. வறுமைதான் விளக்கை அணைத்தது. ஆனாலும் ஒன்பது மணி நேரத் தூக்கம் கிடைத்துவிடும். காலையில், அரிசி இருந்த வீட்டில் பானையில் பழைய சோறு இருக்கும். யாரும் விடியலில் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு ஓடலாம்.

மின்சாரம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, ஒன்பதரை மணித் தொடர் வந்தது. ஒவ்வொன்றும் இரவில் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. கொரோனாவில் பள்ளிகளை மூடியபோது வகுப்புக்காக வாங்கிய போன், பள்ளி திறந்த பிறகும் பிள்ளையின் தலையணைக்கடியிலேயே தங்கிவிட்டது. போனை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுப் பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு வந்து விழுகிறது. அதை எழுதி முடிக்காமல் பிள்ளை எப்படிப் படுக்கும்? விடிந்தால் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஸ்பெஷல் கிளாஸ். அதற்கு முன்னால் டியூஷன். தனியார் பள்ளி வேன் ஆறே முக்காலுக்குத் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. பாதி தோசை தட்டிலேயே கிடக்கும். ஆறு மணிக்குச் சூடாக அடைத்த எலுமிச்சைச் சோறு பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறக்கும்போது வியர்த்து நிற்கும். பாதி அப்படியே வீடு திரும்பும். நடுவில் பசியை அடக்குவது பத்து ரூபாய்ப் பாக்கெட் தீனி.

உடம்பின் கணக்கு நேரடியானது. 6 முதல் 12 வயதுவரை நாளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. இரவு பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். பருவமடையும் வயதில் தூக்கத்தை அழைத்துவரும் மெலட்டோனின் சுரப்பே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராத பதினான்கு வயதுப் பையனைச் சோம்பேறி என்று திட்டுவதில் நியாயமில்லை. அவன் நாலு மணிக்கு எழுந்து மனப்பாடம் செய்தது மனதில் நிற்கவும் தூக்கம்தான் வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. நாக்கு உப்பையும் இனிப்பையும் தேடுகிறது. நாம் கொடுக்கும் முட்டையின் பலன் முழுதாகச் சேர வேண்டுமானால் பிள்ளை தூங்கியாக வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். காலை உணவு 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024-இல் ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. மூன்று முறையும் ஐந்தாம் வகுப்பு என்ற எல்லை மாறவில்லை. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் காலைத் தட்டு நின்றுவிடுகிறது. அந்த வயதை ஒட்டித்தான் உடம்பின் கடிகாரமும் தள்ளிப்போகத் தொடங்குகிறது: இரவு நேரம் கழித்துத் தூக்கம், காலையில் பசியில்லாத விழிப்பு, ஒன்பது மணிக்குமேல் வயிற்றைக் கிள்ளும் பசி. சத்துணவோ பத்தாம் வகுப்புவரை. அதற்கு மேல் அதுவும் இல்லை. தூக்கமும் சாப்பாடும் ஒரே நேரத்தில் கைவிடும் வயது அது. முதல் பாடவேளையில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் மேசைமேல் தலை சாய்க்கிறாள் என்றால், அவளிடம் முதலில் கேட்க வேண்டியது “சாப்பிட்டியாம்மா? எத்தனை மணிக்குப் படுத்தே?” என்பது.

பசியை நாம் ஒரு காலத்தில் வீட்டுக் கவலையாகத்தான் விட்டிருந்தோம். பிறகு அது பள்ளியின் பொறுப்பு, அரசின் பொறுப்பு என்று ஆனது. 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் சமைத்த உணவு தரச் சொன்னபோது தமிழ்நாட்டில் அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. தூக்கத்தை மட்டும் இன்னமும் அம்மாவின் அதட்டலுக்கு விட்டுவைத்திருக்கிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இலேயே நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்றது. கலிஃபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இதைச் சட்டமாகவே இயற்றி 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நம் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் ஒன்பது மணிக்குமேல்தான் தொடங்குகின்றன. அது நல்ல நேரம். அதற்கு முன்னால் ஒட்டவைத்த ஸ்பெஷல் கிளாஸையும் பின்னால் ஒட்டவைத்த இரவு வீட்டுப் பாடத்தையும் அகற்ற ஒரு ரூபாய்கூட ஆகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பேசி முடித்ததும் இரண்டு கேள்வி கேட்கலாம்: காலை வகுப்பை எட்டரைக்கு முன் வைக்காமல் இருக்க முடியுமா? மாலை ஆறு மணிக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் பாடம் அனுப்பாமல் இருக்க முடியுமா?